கிளாட்ஸ்டனைப் பத்திரிகைகள் காட்டிய விதம்: 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் இதழ்களைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வில்லியம் யூவர்ட் கிளாட்ஸ்டன் நான்கு முறை பிரிட்டனின் பிரதமராக இருந்தவர். 1832இல் டோரி (கன்சர்வேடிவ் கட்சி) உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து, பிறகு லிபரல் கட்சியின் தலைவராக வளர்ந்து, 1894 மார்ச்சில் 84 வயதில் பதவியை விட்டு இறங்கினார். இந்த அறுபது ஆண்டில் அவர் பெயர் அச்சில் வராத நாள் குறைவு. ஒரு பத்திரிகையில் அவர் உழைப்பாளிகளின் காவலர். அதே காலையில் அதே தெருவில் விற்ற இன்னொன்றில் நாட்டைத் துண்டு போட வந்த கிழவர்.

அந்தப் பக்கங்களில் பெரும்பகுதி இன்று இணையத்தில் கிடைக்கிறது. வரலாறு படிக்கும் மாணவர்களும் ஆர்வத்தில் படிப்பவர்களும் நேராகத் தேடல் பெட்டியில் பெயரை அடித்து, வந்து விழும் ஆயிரக்கணக்கான துண்டுகளில் தங்களுக்குப் பிடித்த நாலைந்தை எடுத்து, "பிரிட்டிஷ் பத்திரிகைகள் அவரை இப்படித்தான் காட்டின" என்று எழுதிவிடுகிறார்கள். அது எளிது, ஆனால் தப்பு. ஒரு பத்திரிகை ஒரு தலைவரை என்ன சொன்னது என்பதற்கு முன்னால், அந்தத் தேதியில் அந்தப் பத்திரிகை யார் கையில் இருந்தது, என்ன விலைக்கு விற்றது, எந்த நேரத்தில் அச்சுக்குப் போனது என்று கேட்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாமே அந்தக் கேள்வியைச் சுற்றித்தான். வேறொரு தலைவரை எடுத்தாலும் முறை இதேதான். கிளாட்ஸ்டனை எடுத்ததற்குக் காரணம், அவரைப் பற்றிய பொருள் அவ்வளவு கொட்டிக் கிடக்கிறது.

படி 1: முழு வாழ்க்கையை எடுக்காதீர்கள், ஒரு சில வாரங்களை எடுங்கள்

அவருடைய பிரதமர் காலங்கள் 1868–74, 1880–85, 1886இல் சில மாதங்கள், பிறகு 1892–94. இதில் எங்கே கைவைப்பது? பத்திரிகைகள் இரண்டாகப் பிரிந்து நின்ற தருணங்களைத் தேடுங்கள். எனக்குத் தெரிந்து நல்ல விளைச்சல் தருபவை இவை: 1876இல் துருக்கிப் பேரரசின் பல்கேரியப் படுகொலைகளை எதிர்த்து அவர் எழுப்பிய கிளர்ச்சி, 1879 நவம்பர்–டிசம்பரில் ஸ்காட்லாந்தின் மிட்லோதியன் தொகுதிக்காக அவர் செய்த தேர்தல் பிரசாரம், 1885 பிப்ரவரியில் கார்ட்டூம் வீழ்ந்த செய்தி, 1885 டிசம்பரில் அயர்லாந்து தன்னாட்சி பற்றிய கசிவு, 1886 ஏப்ரல் 8 அன்று தன்னாட்சி மசோதா அறிமுகமானதிலிருந்து ஜூன் 8 அன்று தோற்றது வரையான இரண்டு மாதம்.

ஒன்றே ஒன்றை எடுங்கள். நிகழ்வுக்கு ஒரு வாரம் முன்பு தொடங்கி மூன்று வாரம் பின்பு வரை போதும். முன்வாரம் ஏன் என்றால், நிகழ்வுக்கு முன்பே பத்திரிகை அவரைப் பற்றி என்ன தொனியில் எழுதிக்கொண்டிருந்தது என்று தெரிந்தால்தான், நிகழ்வு அந்தத் தொனியை மாற்றியதா இல்லையா என்று சொல்ல முடியும்.

படி 2: பத்திரிகையின் ஜாதகத்தை எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் நாளிதழ் என்பது வசதியானவர்களின் பொருள். விளம்பரத்துக்கு வரி, ஒவ்வொரு பிரதிக்கும் முத்திரை வரி, அச்சடிக்கும் காகிதத்துக்கு வரி. விளம்பர வரி 1853இலும் முத்திரை வரி 1855இலும் போயின. மிச்சமிருந்த காகித வரியை எடுக்க 1860இல் முயன்றவர் அப்போதைய நிதியமைச்சர் கிளாட்ஸ்டன். பிரபுக்கள் சபை தடுத்தது. மனிதர் விடவில்லை, அடுத்த ஆண்டு வரி யோசனைகள் எல்லாவற்றையும் ஒரே நிதி மசோதாவாகக் கட்டி அனுப்பினார். முழு மசோதாவையும் தூக்கி எறியப் பிரபுக்களுக்குத் துணிவு வரவில்லை. 1861இல் காகித வரி ஒழிந்தது.

ஆக, ஒரு பென்னிக்கு விற்ற மலிவுப் பத்திரிகைகளின் பிழைப்பில் அவருக்கு நேரடிப் பங்கு உண்டு. 1855இல் தொடங்கி அதே ஆண்டில் ஒரு பென்னிக்கு இறங்கிய டெய்லி டெலிகிராஃப் 1860களில் அவரை 'மக்களின் வில்லியம்' என்று கொண்டாடியதை இந்தப் பின்னணியோடு படியுங்கள். நன்றிக்கடன் மட்டுமே என்று நான் சொல்லவில்லை. ஆனால் மலிவுப் பத்திரிகை வாங்கிய புதிய வாசகர்களும், அவர் பேச விரும்பிய மக்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். தி டைம்ஸ் காகித வரி போன பிறகும் மூன்று பென்னி. அதன் வாசகர் வேறு, அது அவரைப் பார்த்த தூரமும் வேறு.

அடுத்தது கட்சி. டெய்லி நியூஸ் 1846இல் சார்லஸ் டிக்கன்ஸை முதல் ஆசிரியராகக் கொண்டு தொடங்கியது, லிபரல். ஸ்டாண்டர்டு கன்சர்வேடிவ். மார்னிங் போஸ்ட் மேட்டுக்குடிக்கானது. மான்செஸ்டர் கார்டியன் 1872 முதல் சி. பி. ஸ்காட்டின் ஆசிரியத்துவத்தில். டார்லிங்டனில் 1870இல் அரை பென்னிக்கு வந்த நார்தர்ன் எக்கோவில் இருந்துகொண்டுதான் டபிள்யூ. டி. ஸ்டெட் பல்கேரியக் கிளர்ச்சிக்கு ஊதுகுழல் பிடித்தார்.

இந்தப் பட்டியலை ஒரு தடவை எழுதி சுவரில் ஒட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. கட்சி மாறும். அதே டெய்லி டெலிகிராஃப் 1876–78இல் துருக்கி–ரஷ்யா விவகாரத்தில் கிளாட்ஸ்டனை விட்டுவிட்டு கன்சர்வேடிவ் பிரதமர் டிஸ்ரேலி பக்கம் போய்விட்டது. 1886இல் தன்னாட்சி மசோதா வந்தபோது தி டைம்ஸ் கடுமையாக எதிர்த்தது. அதுவரை லிபரலாக இருந்த ஸ்காட்ஸ்மனும் பிரிந்தது. டெய்லி நியூஸும் மான்செஸ்டர் கார்டியனும் அவரோடு நின்றன.

இதைவிட நல்ல பாடம் பால் மால் கெஜட். 1865இல் தொடங்கிய இந்த மாலைப் பத்திரிகை 1870களில் ஃப்ரெடரிக் கிரீன்வுட்டின் கையில் கிளாட்ஸ்டனுக்குப் பெரிய எதிரி. 1880இல் உடைமை கைமாறியது, லிபரல் ஆனது. கிரீன்வுட் வெளியேறி செயின்ட் ஜேம்ஸ் கெஜட்டைத் தொடங்கினார். உள்ளே வந்தவர்கள் ஜான் மோர்லியும் அவருக்குத் துணையாக ஸ்டெட்டும். 1892இல் அமெரிக்கப் பணக்காரர் ஆஸ்டர் வாங்கியதும் திரும்பவும் கன்சர்வேடிவ் ஆகிவிட்டது. ஆசிரியர் குழு வெளியேறி 1893இல் வெஸ்ட்மின்ஸ்டர் கெஜட்டைத் தொடங்கியது. 1894 ஜனவரி கடைசியில் 'கிளாட்ஸ்டன் விலகப் போகிறார்' என்று முந்திக்கொண்டு அறிவித்தது பால் மால் கெஜட்டின் இந்த மூன்றாவது அவதாரம்தான். "பால் மால் கெஜட் சொன்னது" என்று ஆண்டு போடாமல் எழுதினால் ஒன்றும் எழுதாததற்குச் சமம்.

ஆகவே நீங்கள் எடுத்துக்கொண்ட வாரங்களுக்கு ஒவ்வொரு இதழுக்கும் நான்கே வரி எழுதுங்கள்: உடைமையாளர், ஆசிரியர், விலை, அந்த மாதத்தில் கட்சி. பிறகுதான் பக்கத்தைத் திறக்க வேண்டும்.

படி 3: எங்கே, எப்படித் தேடுவது

பிரிட்டிஷ் நூலகத்தின் தொகுப்பை அடிப்படையாகக் கொண்ட பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் 2011 முதல் இணையத்தில் இருக்கிறது. தேடுவது இலவசம், பெரும்பாலான பக்கங்களைத் திறக்கச் சந்தா வேண்டும். தி டைம்ஸின் பழைய இதழ்கள் பல பல்கலைக்கழக நூலகங்கள் வழியாகக் கிடைக்கும். காசு செலவழிக்க வழியில்லாதவர்களுக்கு என் முதல் சிபாரிசு வேல்ஸ் தேசிய நூலகத்தின் வெல்ஷ் நியூஸ்பேப்பர்ஸ் ஆன்லைன். முழுக்க இலவசம். கிளாட்ஸ்டனின் வீடான ஹாவர்டன் வேல்ஸின் ஃப்ளின்ட்ஷையரில்தான் இருக்கிறது என்பதால், லண்டன் பத்திரிகை கண்டுகொள்ளாத சின்ன விஷயங்களை உள்ளூர்ப் பத்திரிகைகளில் தேட இது நல்ல இடம். ஆஸ்திரேலியாவின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட் இரண்டும் இலவசம்; லண்டன் கட்டுரைகளை அங்கே எடுத்துப் போட்டிருப்பார்கள். கப்பலில் போன செய்தி என்பதால் தேதி வாரக்கணக்கில் பின்தங்கியிருக்கும். பஞ்ச் என்ற நகைச்சுவை வார இதழின் தொகுதிகளை இன்டர்நெட் ஆர்க்கைவில் புரட்டலாம். நாடாளுமன்றப் பேச்சின் பதிவுக்கு ஹன்சார்டு இலவசமாக இருக்கிறது.

பெயரை மட்டும் அடித்தால் குப்பை அதிகம் வரும். கிளாட்ஸ்டன் பை என்று ஒரு வகைத் தோல்பை அவர் பெயரில் விற்றது, அதன் விளம்பரங்கள் வரிசையாக வரும். அவருடைய மகன் ஹெர்பர்ட்டும் 1880 முதல் உறுப்பினர். ட்ரோவில் தேடினால் குவின்ஸ்லாந்தில் உள்ள கிளாட்ஸ்டன் என்ற ஊரின் சந்தை நிலவரம், கப்பல் வரத்து எல்லாம் கிடைக்கும். இன்னொரு பக்கம், அவரைப் பற்றிய நல்ல பத்திகள் பலவற்றில் அவர் பெயரே இருக்காது. 'பிரீமியர்' என்றோ, 'மகத்தான கிழவர்' என்பதன் மூன்றெழுத்துச் சுருக்கமான ஜி.ஓ.எம். என்றோ இருக்கும். தொகுதியை வைத்தும் சொல்வார்கள்: 1847 முதல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம், 1865 முதல் தெற்கு லங்காஷயர், 1868 முதல் கிரீனிச், 1880 முதல் மிட்லோதியன். இவற்றையும் தேதி வரம்போடு சேர்த்துத் தேடுங்கள். அப்புறம், கணினி எழுத்துணர்வு பழைய மங்கலான அச்சில் தடுமாறும். ஒரு நாள் இதழில் அவர் பெயரே இல்லை என்று தேடல் சொன்னால் நம்பாமல் பக்கத்தைக் கண்ணால் புரட்டிவிடுங்கள்.

படி 4: ஒரே இதழுக்குள் இருக்கும் பல குரல்களைப் பிரியுங்கள்

அன்றைய நாளிதழில் கிளாட்ஸ்டன் குறைந்தது மூன்று இடத்தில் வருவார்: பேச்சின் பதிவு, தலையங்கம், நாடாளுமன்றக் காட்சிக் குறிப்பு. வாசகர் கடிதமும் தந்திச் செய்தியும் தனி. இவற்றை ஒரே 'பத்திரிகையின் கருத்து' என்று கொட்டிவிடக் கூடாது. தலையங்கத்தில் அவரை உரித்தெடுக்கும் பத்திரிகையே, பேச்சைப் பல பத்திகளுக்கு வரி விடாமல் அச்சிட்டிருக்கும். எதிரியின் பேச்சானாலும் வாசகர் அதைக் கேட்டு வாங்கினார்கள்.

மிட்லோதியன் பிரசாரத்தைப் பாருங்கள். 1879 நவம்பர் 24 அன்று லிவர்பூலில் ரயில் ஏறி எடின்பரோ போகும் வழியில் கார்லைல், ஹாவிக், காலாஷீல்ஸ் ரயில் நிலையங்களிலேயே பேசிக்கொண்டு போனார். அதன் பிறகு இரண்டு வாரம் ஊர் ஊராகக் கூட்டம். சுருக்கெழுத்து நிருபர்கள் கூடவே போனார்கள். 1870இல் தந்தி அஞ்சல் துறையின் கைக்கு வந்தபின் பத்திரிகைகளுக்குச் சலுகைக் கட்டணம் கிடைத்தது. மாகாணப் பத்திரிகைகள் கூடி 1868இல் அமைத்த பிரஸ் அசோசியேஷன் அவர் பேச்சுகளை நாடு முழுவதும் அனுப்பியது. நவம்பர் 26 அன்று டால்கீத்தில் பெண்கள் கூடிய கூட்டத்தில், ஆப்கன் மலைக்கிராமங்களில் பனிக்கு நடுவே வாழும் மக்களின் உயிரும் கடவுளின் கண்ணில் உங்கள் உயிரளவு புனிதமானது என்று பேசினார். கூட்டத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள், நாடே மறுநாள் காலையில் படித்தது. இந்தத் தேர்தலில் வென்று 1880இல் அமைத்த ஆட்சியில்தான் ரிப்பன் பிரபுவை வைஸ்ராயாக இந்தியாவுக்கு அனுப்பினார். சென்னையில் ரிப்பன் மாளிகை என்று நாம் சொல்வது அவர் பெயரில்தான்.

இப்போது செய்ய வேண்டியது: ஒரே பேச்சின் பதிவை இரண்டு எதிரெதிர்க் கட்சி இதழ்களில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சொற்களை விட்டுவிட்டு அடைப்புக்குறிகளைப் பாருங்கள். கூட்டம் செய்த சத்தத்தை நிருபர்கள் அடைப்புக்குள் போடுவார்கள்: ஆரவாரம், சிரிப்பு, 'கேளுங்கள் கேளுங்கள்', சில சமயம் 'நீடித்த ஆரவாரம்'. இரண்டிலும் இது ஒன்றாக இருந்தால், இரண்டும் ஒரே செய்தி நிறுவனத்தின் பிரதியை வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லையென்றால் காரணம் தேடுங்கள்: இடநெருக்கடியா, வேறு நிருபரா, ஆசிரியரின் கைவரிசையா? அடுத்தது, பேச்சு தன்மையில் இருக்கிறதா, 'அவர் சொன்னார்' என்று படர்க்கையில் சுருங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். தன்மையில் வரிக்கு வரி அச்சிடுவது பெரிய தலைவர்களுக்கே கிடைத்த மரியாதை. அதே பக்கத்தில் சாதாரண உறுப்பினருக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்று ஒப்பிட்டால், தலையங்கம் என்ன திட்டினாலும் அந்தப் பத்திரிகை அவரை எந்த உயரத்தில் வைத்திருந்தது என்று தெரிந்துவிடும்.

தலையங்கங்களில் எழுதியவர் பெயர் இருக்காது. அவற்றைப் பத்திரிகையின் குரலாகவே குறியுங்கள். இவர்தான் எழுதியிருப்பார் என்று ஊகித்துப் பெயர் போட வேண்டாம்.

படி 5: கேலிச்சித்திரத்தைத் தேதியோடு படியுங்கள்

1841இல் தொடங்கிய பஞ்ச் வார இதழின் தலைமை ஓவியர் ஜான் டென்னியல். அவருடைய முழுப்பக்கச் சித்திரத்தின் பொருள் புதன்கிழமை இரவு ஆசிரியர் குழுவின் விருந்து மேசையில் முடிவாகும். பிறகு அவர் வரைந்து, மரக்கட்டையில் செதுக்கி, அச்சேறி வெளிவர ஏறத்தாழ ஒரு வாரம் ஓடிவிடும்.

இந்த ஒரு வாரம் என்ன செய்யும் என்பதற்கு 1885 பிப்ரவரி சாட்சி. சூடானில் கார்ட்டூம் நகரில் முற்றுகையில் சிக்கிய ஜெனரல் கார்டனை மீட்கப் படை போய்க்கொண்டிருந்தது. படையை அனுப்பக் கிளாட்ஸ்டன் அரசு தாமதித்தது என்ற கோபம் ஏற்கெனவே பத்திரிகைகளில் புகைந்துகொண்டிருந்தது. கார்டனை அங்கே அனுப்பு என்று 1884 ஜனவரியில் பேட்டி எடுத்து வெளியிட்டு நெருக்கியதே ஸ்டெட்டின் பால் மால் கெஜட்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். ஜனவரி 26 அன்று கார்ட்டூம் வீழ்ந்து கார்டன் கொல்லப்பட்டார். செய்தி லண்டனுக்கு வந்தது பிப்ரவரி 5 அன்று. பிப்ரவரி 7 தேதியிட்ட பஞ்ச் இதழிலோ, மீட்புப் படை கார்டனை வந்தடைவதுபோல 'கடைசியில் வந்தாயிற்று!' என்று ஒரு வெற்றிச் சித்திரம். அடுத்த வாரம், பிப்ரவரி 14, 'காலம் கடந்துவிட்டது!' என்று பிரிட்டானியா தேவி முகம் புதைத்து அழுகிறாள். முதல் சித்திரத்தை மட்டும் பார்த்து 'பஞ்ச் அரசை ஆதரித்தது' என்று எழுதினால் எவ்வளவு அபத்தம் பாருங்கள். அது ஆதரவே இல்லை, அச்சுக்கூடத்தின் கால அட்டவணை.

அந்த வாரங்களில் டோரிகள் ஜி.ஓ.எம். என்பதைத் தலைகீழாக்கி எம்.ஓ.ஜி. ஆக்கினார்கள்: 'கார்டனைக் கொன்றவர்'. பட்டப்பெயர் எந்தத் தேதியில் எந்த இதழில் முதலில் தலைகாட்டுகிறது, எவ்வளவு வேகத்தில் மற்ற ஊர்களுக்குப் பரவுகிறது என்று பின்தொடர்ந்தால் அதுவே ஒரு தனிக் கட்டுரையாகும்.

உடலைப் பற்றிய அடையாளங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கிளாட்ஸ்டனுக்கு இரண்டு: சட்டைக் காலரும் கோடரியும். 1880களில் பஞ்சில் ஹாரி ஃபர்னிஸ் வரைந்த காலர் காது வரை எழும்பி நிற்கும். அவருடைய புகைப்படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், காலர் அவ்வளவு பெரிதே இல்லை. வாசகருக்குப் பழகியபின் காலர் மட்டும் போதும், முகமே வேண்டாம்.

கோடரி நிஜம். ஹாவர்டன் தோட்டத்தில் மரம் வெட்டுவது அவருக்குப் பிடித்த உடற்பயிற்சி. பார்க்க வந்தவர்கள் மரச் சில்லுகளை நினைவுப் பொருளாக எடுத்துப் போனார்கள். லிபரல் பக்கம் இது உழைக்கும் தலைவரின் படம். திருச்சபையின் ஆதிக்கத்தையும் நிலவுடைமையையும் வேரோடு சாய்க்கும் வீரரின் படம். எதிர்ப்பக்கத்தில் அதே கோடரி அழிப்பவரின் ஆயுதம். 1884 ஜனவரியில் பிளாக்பூலில் கன்சர்வேடிவ் தலைவர்களில் ஒருவரான ராண்டால்ஃப் சர்ச்சில், கிளாட்ஸ்டன் வியர்ப்பதற்காகக் காடே புலம்புகிறது என்று கிண்டலடித்தார். எனவே சித்திரத்தில் கோடரியைக் கண்டதும் பாராட்டா, வசையா என்று முடிவு கட்டாதீர்கள். எந்த இதழ், அவர் எதை வெட்டுகிறார், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். ஜூடி போன்ற டோரிச் சார்பு நகைச்சுவை இதழையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சை மட்டுமே பார்த்து முடிப்பது பரவலான பழக்கம், ஏனென்றால் அது எளிதில் கிடைக்கிறது.

படி 6: கசிவையும் மறுப்பையும் சேர்த்துப் படியுங்கள்

பத்திரிகைகள் அவரைக் காட்டின என்றால், அவரும் அவர் வீட்டாரும் பத்திரிகைக்குக் காட்டியதும் உண்டு. 1885 டிசம்பர் 16 அன்று மகன் ஹெர்பர்ட் லண்டனில் ஒரு செய்தி நிறுவனத்தாரிடம், தந்தை அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரும் எண்ணத்துக்கு வந்துவிட்டார் என்று பேசினார். மறுநாள் லீட்ஸ் மெர்குரியிலும் ஸ்டாண்டர்டிலும் செய்தி. ஒன்று லிபரல், இன்னொன்று கன்சர்வேடிவ். 'ஹாவர்டன் பட்டம்' என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது. காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கப் பறக்கவிட்ட பட்டமாம்.

கிளாட்ஸ்டன் கொடுத்த மறுப்பைப் பொறுமையாகப் படியுங்கள். வெளியானது தன் கருத்துகளின் சரியான சித்திரம் அல்ல, அவற்றைப் பற்றிய ஊகமாக இருக்கலாம், தனக்குத் தெரிந்தோ தன் அனுமதியோடோ வந்தது அல்ல என்பது சாரம். செய்தி பொய் என்று எங்கும் இல்லை! ஆகவே டிசம்பர் 17 முதல் ஒரு வாரத்துக்கு, ஒவ்வொரு இதழும் மறுப்பை எந்தப் பக்கத்தில் எந்தத் தலைப்பில் போட்டது, முழுதாகப் போட்டதா வெட்டிப் போட்டதா, மறுப்பை நம்பியதா என்று மூன்று குறிப்பு எடுங்கள்.

படி 7: சொல்லாமல் விட்டதையும் குறியுங்கள்

இரவில் லண்டன் தெருக்களில் பாலியல் தொழிலில் சிக்கிய பெண்களோடு பேசி, அவர்களை மீட்க முயல்வது கிளாட்ஸ்டனின் நெடுநாள் வழக்கம். 1853 மே மாதத்தில், அவர் நிதியமைச்சராக இருந்தபோது, ஒருவன் இதை வைத்து மிரட்டப் பார்த்தான். கிளாட்ஸ்டன் நேராகப் போலீசில் ஒப்படைத்தார், வழக்கு பத்திரிகைகளில் வந்தது. ஆக, விஷயம் யாருக்கும் தெரியாதது அல்ல. பின்னாளில் அவரைக் கொலைகாரர் என்று திட்டத் தயங்காத எதிர்க்கட்சி இதழ்கள் இதை எங்கே தொடுகின்றன, எங்கே தாண்டிப் போகின்றன என்று பாருங்கள். மௌனத்துக்கு ஆதாரம் காட்டுவது கடினம்; குறைந்தபட்சம் எந்தெந்த இதழை, எந்தத் தேதிகளுக்குள் தேடினீர்கள் என்று எழுதிவையுங்கள்.

படி 8: எழுதும்போது

எடுத்த துண்டுகளை இதழ்வாரியாக அடுக்காமல் நாள்வாரியாக அடுக்குங்கள். அப்போதுதான் ஒரு தலையங்கத்துக்கு இன்னொரு இதழ் பதில் சொல்வது கண்ணில் படும். மாகாண இதழ் ஒன்றில் வந்த பத்தி லண்டன் இதழிலிருந்து எடுத்துப் போட்டதாக இருக்கும். ஒரே கட்டுரை பத்து ஊரில் அச்சானால் அதைப் பத்துக் கருத்தாக எண்ணக் கூடாது. யாரிடமிருந்து எடுத்தோம் என்று பெரும்பாலும் அவர்களே தொடக்கத்திலோ இறுதியிலோ குறித்திருப்பார்கள், அதைத் தேடுங்கள். விற்பனையை வைத்து எடை போடும்போதும் கவனம்: லாயிட்ஸ் வீக்லி என்ற ஞாயிறு இதழ் 1896இல் பத்து லட்சம் பிரதிகளைத் தொட்டது, தி டைம்ஸ் அதன் பக்கத்திலேயே வராது. அமைச்சர்கள் மேசையில் கிடந்தது தி டைம்ஸ், உழைப்பாளி வீட்டு ஞாயிற்றுக்கிழமையில் கிடந்தது லாயிட்ஸ். எந்த வாசகரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

1898 மே 19 அன்று அவர் இறந்தபின் வந்த இரங்கல் கட்டுரைகளை மட்டும் தனிக் கோப்பில் வையுங்கள். வாழ்நாளெல்லாம் அவரைக் குதறிய இதழ்களும் அந்த வாரம் குரலைத் தாழ்த்தின. அதை 1886இன் தலையங்கத்தோடு கலந்து 'சராசரிக் கருத்து' ஒன்றைச் செய்துவிட்டால், அப்படி ஒரு கருத்தை எந்த நாளிலும் யாரும் அச்சிட்டிருக்கவில்லை.